ஒரே ஒருத்தி

"நம்ம கழுத்தை நீயே அறுத்துட்டியேடி, மார்லோ!"

புல்வெளியில் எல்லோர் முன்னிலையிலும் கத்தினாள் டாஃப்னி. மக்னோலியா மாணவியர் சங்கத்தின் தலைவி அவள்.

தெரு முழுக்க, கல்லூரிப் பெண்கள் சேர்ந்து தங்கும் சங்க வீடுகள். மற்ற ஒவ்வொன்றிலும் அறுபது புதுப் பெண்கள் வந்து இறங்கி, கூச்சல் காதைப் பிளந்தது. மக்னோலியாவுக்கு வந்தது பதினேழு பேர். ஆள் சேராவிட்டால் வீட்டை மூட வேண்டியதுதான் என்று சங்கத்தின் தலைமையகம் போன வருஷமே சொல்லிவிட்டது.

மார்லோவும் மக்னோலியாக்காரிதான். ஆனால் சேர்க்கை வாரத்தில் புதுப் பெண்களுக்கு வழிகாட்டியாகப் போயிருந்தாள். வழிகாட்டி தன் சங்கம் எதுவென்று மூச்சு விடக் கூடாது. எல்லா வீட்டையும் பார்த்த பிறகு, பெண்கள் தங்களுக்குப் பிடித்த சங்கத்தை முதலில் எழுதித் தருவார்கள். அதை வைத்துத்தான் யார் எங்கே என்று முடிவாகும்.

"உன் குழுவுல முப்பது பேர். ஒரே ஒருத்தி வந்திருக்கா! நமக்காக ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"சொல்லக் கூடாது, டாஃப்னி."

"ஆமாமா, பெரிய உத்தமி! மத்த வீட்டுக்காரிங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும், அதானே?"

மார்லோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விழுங்கிவிட்டாள். சட்டையில் குத்தியிருந்த சங்கச் சின்னத்தைக் கழற்றி டாஃப்னியின் கையில் வைத்தாள்.

"தப்பு என்மேலதான். விடு."

காரில் ஏறிப் போய்விட்டாள்.

"போறா பாரு, துரோகி!"

"அவங்கள அப்படிச் சொல்லாதீங்க, அக்கா."

திரும்பிப் பார்த்தாள் டாஃப்னி. மார்லோவின் குழுவிலிருந்து வந்த அந்த ஒருத்தி, ஒடெஸா.

"நேத்து இங்க விருந்துக்கு வந்தப்போ, எங்க குழுவுல பாதிப் பேர் உங்க பேரைத்தான் முதல்ல எழுதறதா இருந்தாங்க."

"அப்புறம் என்ன ஆச்சு?"

ஒடெஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சமையலறை ஜன்னல் திறந்திருந்துச்சு. 'எவளும் வேணாம்னு தள்ளினதுங்கதான் நம்ம தலையில வந்து விழும், சும்மா சிரிச்சு வைங்கடி'ன்னு நீங்க உள்ள பேசினது, வெளியே வரிசையில நின்ன எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

டாஃப்னி பதறிப்போய்த் தெருவைப் பார்த்தாள். கார் முனை திரும்பி மறைந்துவிட்டிருந்தது.

"எல்லாரும் புகார் கொடுக்கக் கிளம்பிட்டாங்க, அக்கா. மார்லோதான் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு, 'வீடு போயிடுமோங்கிற பயத்துல பேசிட்டா. புகார் போனா மூடியே விடுவாங்க. மன்னிச்சிடுங்க'ன்னு அழுதாங்க. அவங்க எந்தச் சங்கம்னு அப்போ எங்களுக்குத் தெரியாது."

ஒடெஸா மெல்லச் சொன்னாள்:

"அவங்க அழுததைப் பார்த்துத்தான் நான் உங்க பேரை எழுதினேன்."