தலையணை உயரத்தில்

நடக்க முடியாத மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவளுடைய கட்டிலில் இவர் மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின் மேல் அட்டை, கையில் பென்சில்.

உள்ளே வந்த அக்காவுக்கு, அதாவது அவர் மனைவியின் அக்காவுக்கு, பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கு தம்பி. இடுப்பெலும்பு ஒடிஞ்சவ நாற்காலியில, நீங்க மெத்தையில."

"இன்னிக்குத்தான்க்கா டாக்டர் அவளை உட்காரலாம்னாரு. கொஞ்ச நேரம். வீட்டுப்பாடம்."

"தலை நரைச்சப்புறம் டிராயிங் கிளாஸ். அதுக்கு வீட்டுப்பாடம் வேற."

அவர் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி எதையோ அளந்தார். சாயங்கால வெளிச்சம் அறைக்குள் அசையாமல் மிதந்தது. சுவர்க் கோடுகளெல்லாம் தூரத்துப் புள்ளி ஒன்றைத் தேடி மெல்ல நடந்து போவது போலிருந்தது.

அக்கா பீரோவைத் திறந்து தங்கையின் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"கிளம்பு, என் வீட்டுக்குப் போகலாம். இங்கேயே கிடந்தா பேச்சே மறந்துடும் உனக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகத் தங்கை கேட்டதற்கு 'ம்' சொல்வாள், அவ்வளவுதான். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். இப்போது நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர் வீட்டுக்கு எப்போ பச்சை பெயிண்ட் அடிச்சாங்க?" தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி கேட்டாள்.

"அது ஆச்சு எவ்வளவோ நாள். பார்த்தீங்களா தம்பி, புத்தி எங்கேயோ அலையுது. நீங்க படம் போட்டுக்கிட்டே இருங்க."

அவர் தாளில் இன்னொரு கோடு இழுத்தார்.

சுவரில் ஒட்டியிருந்த பழைய படத்தை அக்கா காட்டினாள். "இதே ரூமைத்தானே முன்னாடியே வரைஞ்சு வச்சிருக்கீங்க? கட்டில், பீரோ, ஜன்னல் எல்லாம் அம்சமா இருக்கு. மறுபடியும் என்னத்துக்கு?"

"அது ஐசோமெட்ரிக். கிட்ட இருக்கிறதும் தள்ளி இருக்கிறதும் ஒரே அளவு. எதையும் எதுவும் பெரிசா மறைக்காது. அதை வச்சுத்தான் சாமானுக்கெல்லாம் இடம் பார்த்துப் போட்டேன். ஆனா அப்படிப் பார்க்கிற ஆள்னு யாரும் ரூம்ல இல்ல."

"இது?"

"பெர்ஸ்பெக்டிவ். இதுக்கு ஒருத்தரோட கண்ணு வேணும். யார் கண்ணால பார்க்கப் போறீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. இவ கண்ணுன்னு சொல்லிட்டேன்."

"ரொம்பத்தான் கரிசனம்."

அக்கா அட்டையை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். தாள் முழுக்கப் பீரோவின் பக்கவாட்டுத் தகரம். ஓரத்தில் பாதி ஃபேன். மீதி வெறும் சுவர்.

"கத்துக்கிட்ட லட்சணம் இதானா? அவ்வளவு பெரிய ஜன்னலையே விட்டுட்டீங்க."

"விடலைக்கா." அவர் இன்னும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்க படுத்திருக்கிறவளுக்கு ஜன்னலே இல்ல."