கை நீட்டாத அதிகாரி

ஃபைலுக்கு அடியில் வைத்து நீட்டிய கவரை உரிமப் பிரிவு அதிகாரி பார்த்த பார்வையில் தையல்காரி நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"எடுத்து உள்ள வைங்கம்மா. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். யார்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல."

வெள்ளிக்கிழமை அவள் கடை திறந்தாக வேண்டும். நான்கு மெஷின் வந்து இறங்கியாயிற்று. உரிமத்தில் ஒரு கையெழுத்துக்காக இது ஐந்தாவது நடை. வெளியே வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பேர். மூவரும் தலை குனிந்து போனில் வண்ணக் கற்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தலை முழுக்க நரை. முன்பெல்லாம் வீடியோ கேம் என்றால் டிவி முன்னால் பிள்ளைகள் போடும் கூச்சல். இப்போது அது பெரியவர்களின் சட்டைப்பைக்குச் சத்தமில்லாமல் குடிவந்துவிட்டது.

"வேலைவெட்டி இல்லாதவங்க," என்று முணுமுணுத்தாள்.

"வேலையாத்தாம்மா வந்திருக்கேன்," என்றார் நரைத்தலைக்காரர், நிமிராமல். "குடோன் உரிமம். ஆறு நாளா ஆடறேன்."

அலுவலக உதவியாளர் பக்கத்தில் வந்து விவரம் சொன்னார். ஐயா பணத்தைத் தொடமாட்டார். ஆனால் இந்தக் கல் விளையாட்டில் எழுநூற்றுப் பன்னிரண்டாம் கட்டத்தில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்து தடவை தோற்றால் உயிர் தீர்ந்துபோகும். தெரிந்தவர்கள் யாராவது தங்கள் கணக்கிலிருந்து உயிர் அனுப்பினால்தான் உடனே மறுபடியும் ஆட முடியும்.

"உங்க போன்ல ஏத்திக்கிட்டு, நீங்க பத்தாவது கட்டம் தாண்டிட்டா அனுப்பலாம்மா. ஐயாவுக்குப் பத்து உயிர் போய்ச் சேர்ந்தா ஃபைல் நகரும்."

தினமும் ஊசி கோர்க்கிற விரல்கள். மதியத்துக்குள் பதினான்காம் கட்டத்தில் நின்றாள்; ஐயா கணக்குக்குப் பத்து உயிரும் போயிருந்தது. நரைத்தலைக்காரர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று பாடம் படித்தார்.

மூன்று மணிக்கு உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. அதிகாரி முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் அவரே குத்தினார்.

"பாத்தீங்களாம்மா, நேர்வழில வந்தா காரியம் தானா நடக்குது."

உரிமம் பைக்குள் போன பிறகுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. விடுவிடுவென்று மாடியேறி, மேலதிகாரியிடம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். இந்த நாற்காலிக்கே அவமானம் என்றார். இன்றைக்கே விசாரணை என்று சொல்லி வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"சொல்லுங்க, உங்ககிட்ட எத்தனை உயிர் வாங்கினான்?"

"பத்து சார்."

எழுதப்போன பேனா அப்படியே நின்றது.

"பத்தா? படுபாவி, ரெண்டுதான் வந்துச்சுன்னு சொல்லி எனக்கு ஒண்ணே ஒண்ணுதானே அனுப்பினான்."