தேறாத அக்கா

கிடங்கு ஊழியர்களுக்கு நான் எடுக்கும் கம்ப்யூட்டர் வகுப்பின் தேர்வில், பேக்கிங் வேலை பார்க்கும் அக்கா மறுபடியும் தோற்றுப்போனார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள இவங்க பாஸாகலேன்னா வேலை கிடையாது. சொல்லிட்டேன்."

அவர் போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தினமும் சொல்லித் தர்றேனே அக்கா, ஏன் மண்டையில ஏற மாட்டேங்குது?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "முதல் வாரமே எல்லாம் அத்துப்படிம்மா. வேணும்னேதான் தப்பா அமுக்கினேன்."

"எதுக்கு?"

"மத்தவங்க எல்லாரும் பாஸாயிட்டாங்க. நானும் ஆயிட்டா வகுப்பை மூடிட்டு உன்னை அனுப்பிடுவாங்க. மேனேஜர் போன்ல பேசினதைக் கேட்டேன்."

நான் தேர்வை மறுபடியும் திரையில் திறந்தேன்.

"இப்ப நீயே சொல்லு. எதை அமுக்கட்டும்?"

அவர் விரலைப் பிடித்து, சரியான பட்டனை நானே அமுக்கினேன்.