தொட்டியில் மிஞ்சிய மோர்த்தண்ணி

அக்கினி வெயிலில் குளம் வெடித்துக் கிடந்தது. கூட்டில் மூணு குஞ்சும் வாயைப் பிளந்து கிடக்க, தண்ணி தேடி அலைந்த காக்கை கடைசியில் எருமைத் தொட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. உட்காரவே அதற்குக் கூச்சம். "ஏ கறுப்பி, நாள் பூரா சேத்துல கெடக்கியே, வெக்கமா இல்லியா?" என்று அந்த எருமையைக் கேலி பண்ணாத நாளில்லை. தான் என்னமோ கொக்கு நிறம் மாதிரி!

வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றி முடித்த வீட்டுக்காரி, அப்போதுதான் மோர்ப்பானையைக் கழுவித் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனாள். உப்பும் கறிவேப்பிலையுமாக அடியில் கொஞ்சம்தான் இருந்தது. காலையிலிருந்து காய்ந்து நின்ற எருமை ஆவலாகக் குனிந்தது. காக்கையைப் பார்த்ததும் முகத்தை இழுத்துக்கொண்டது.

"நீ மொதல்ல குடி. நான் வாய வெச்சா ஒரே உறிஞ்சுதான்."

ஒரு வாய் குடித்ததுமே காக்கைக்குப் போன உயிர் திரும்பியது. "யம்மா, என்னா ருசி! ஏது இது?"

"என் பாலுதான். தயிராகி, வெண்ணெய் போயி, ஊரே குடிச்சு, மிச்சம் எனக்கு வந்திருக்கு."

காக்கை மலைத்துப்போனது. வாய் வாயாக எடுத்துக் குஞ்சுகளுக்கு ஊட்ட எட்டு நடை பறந்தது. அதுவரைக்கும் எருமை வாலை ஆட்டிக்கொண்டு, நாக்கை அடக்கிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் குடித்தது.

சாயங்காலம் காக்கை எருமையின் முதுகில் வந்து உட்கார்ந்தது. வழக்கமாகப் புண்ணாகப் பார்த்துத்தான் கொத்தும். அன்றைக்குக் காது மடிப்பிலிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது.

"வலிச்சா சொல்லுங்கக்கா."