மூன்றாவது எடிட்டர்

"அழிச்சதைக்கூட காட்டிக் குடுக்குமா அது?"

மேனேஜர் ஏசுராஜ் கேட்டதும் கேத்தரின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளிகள் பேர் போடாமல் புகார் எழுத ஒரு வெப்சைட். செய்தவள், அங்கேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கேத்தரின். புகாரை அடிக்கும் கட்டத்துக்கு, எழுதவும் திருத்தவும் உதவும் எடிட்டர் மென்பொருள்கள் மூன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு வாரமாக ஓடுவது மூன்றாவது. வந்த புகாரில் கை வைக்கும் பாஸ்வேர்டு அவளிடமும் ஏசுராஜிடமும் மட்டும்தான். நாளைக் காலை தொழிலாளிகளின் நிலையைச் சோதிக்க வெளிநாட்டு ஆடிட்டர்கள் வந்து புகார்களைப் படிப்பார்கள். எந்த எடிட்டர் என்று இன்றே முடிவு செய்தாக வேண்டும்.

"சொல்லும்மா. காட்டுமா, காட்டாதா?"

"காட்டும் சார். முதல்ல இன்னா எழுதினாங்க, அப்புறம் யாரு பாஸ்வேர்டுல இன்னா மாத்துனாங்க, எல்லாம் ஹிஸ்டரியில நிக்கும்."

"எந்த நேரத்துலன்னு?"

"அதுவும்தான் சார்."

ஏசுராஜ் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

'மாடித் தையல் ஹாலின் பின்கதவை ஷிப்ட் முழுக்கப் பூட்டி வைக்கிறார்கள். பசை நெடியில் ஒரு பெண் மயங்கி விழுந்தும் திறக்கவில்லை.' போன வாரம் அம்மாவின் போனில் இந்தப் புகாரை எழுதியதே கேத்தரின்தான். 'ஒரு பெண்' என்ற இடத்தில் முதலில் 'எங்கம்மா சவுரியம்மாள்' என்று அடித்துவிட்டு, பயந்துபோய் அழித்திருந்தாள். திரையில் அழிந்தது ஹிஸ்டரியில் இருக்கும். காலையில் அவளோடு மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிய அம்மா, இந்த நிமிடமும் மாடியில் மிஷின் முன்னால்தான். இரண்டு பேர் வேலையும் அந்த ஒரு வரியில் போய்விடும்.

"மூணாவது வேணாம் சார்," என்றாள் அவசரமாக. "கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. போன்ல தமிழ் அடிச்சா கர்சர் தாவுது. இங்க லேடீஸ்கிட்ட இருக்கறதெல்லாம் சின்ன போன்தானே? ஒண்ணாவதுன்னா போன், டேப், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஓடும்."

"அதுல ஹிஸ்டரி?"

"கிடையாது சார்."

"இன்னாம்மா, ஏசி ரூம்ல இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"லேசா ஜுரம் சார்."

அவர் அவளையே பார்த்தார். "மூணாவதை எடுத்துட்டா, அதுல இருக்கற பழைய ஹிஸ்டரி?"

தெரிந்துவிட்டதா?

"அதோட போய்டும் சார். கடைசியா இருக்கற எழுத்து மட்டும்தான் ஒண்ணாவதுக்கு வரும்."

"உன்னாலயும் திரும்ப எடுக்க முடியாது?"

"யாராலயும் முடியாது சார்."

ஏசுராஜ் மேசையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மவுஸ் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரே ஒரு கிளிக். அம்மா பேர் வந்து நிற்கும்.

"சரி, ஒண்ணாவதையே போடு. என் கண்ணு முன்னாடியே மாத்து. தொழிலாளிங்களுக்குப் பேஜாரா இருக்கக் கூடாது பாரு."

மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு மாற்றினாள். பச்சை டிக் விழுந்தது. ஏசுராஜ் கர்சீப்பை எடுத்து நெற்றியையும் கழுத்தையும் அழுந்தத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று கேத்தரின் தன் புகாரைத் திறந்தாள். பயத்தில் ஒரு வாரமாக அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

'மாடித் தையல் ஹாலின் பின்கதவை ஷிப்ட் முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்ததும் உடனே அந்த வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். நன்றி.'

அவள் இதை எழுதவில்லை. மாற்றி எழுதியது யார் என்று காட்டிக் கொடுக்கக்கூடிய ஒரே சாட்சியை இப்போதுதான், அவர் கண் முன்னாடியே, தன் கையால் அழித்திருந்தாள்.