வெள்ளிக்கிழமை பிறந்தவள்

மார்த்தா என்று கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்பதைக் கப்பல்காரன் அவளுக்குச் சவுக்கால் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கக் கூடாதென்று அமெரிக்காவில் சட்டம் வந்திருந்த காலம் அது. பிடிபட்ட கப்பல்காரனின் வக்கீல் கோர்ட்டில் அடித்துப் பேசினார்: "இவ இங்கயே பொறந்து வளந்தவ. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க." நீதிபதி "மார்த்தா" என்றார். அவள் திரும்பினாள்.

அரசுத் தரப்பில் க்வாகு என்ற மாலுமியைக் கூட்டிவந்தார்கள். அவனும் அவள் ஊர்ப்பக்கத்துக்காரன். அங்கே பிறந்த கிழமைதான் பெயர். பெண்களுக்கு மொத்தமே ஏழு பெயர்கள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அகோசுவா. அட்வோவா. அபேனா. அகுவா. யா. அவள் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஃபுவா."

கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அடி விழப்போகிறதென்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். விழவில்லை.

"ஜெயிச்சுட்டோம் தங்கச்சி. இனிமே நீ அவனுக்குச் சொந்தமில்ல" என்றான் க்வாகு, அவர்கள் பாஷையில்.

அது உண்மைதான். கடத்தல் சரக்கு அரசாங்கத்தைச் சேரும். அரசாங்கம் அதை ஏலம் விடும். மறுவாரமே கோர்ட் வாசலில், ரம் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் அவளை ஏற்றி நிறுத்தினார்கள். மொழிபெயர்க்க க்வாகுவையே வைத்திருந்தார்கள்.

"அஃபுவா, இந்தப் பக்கம் திரும்பும்மா. முகத்தைப் பாக்கணுமாம்."

அவள் அசையவில்லை. அவன் இன்னொரு தடவை கூப்பிட்டான்.

ஏலக்காரன் சலித்துப்போய் "மார்த்தா!" என்றான்.

உடனே திரும்பினாள்.