இரண்டு நிமிடத் தனி வாசிப்பு

"உங்க மச்சான்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா அவரு தாங்க மாட்டாரு."

பாட்டுக் குழுவின் லீடர் இப்படிச் சொன்னதும் கீபோர்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. உள்ளே அவருக்கு அத்தனை சந்தோஷம்.

கீபோர்டுக்காரர் பிழைப்புக்கு வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். வாசிப்பது கிட்டார். இருவரும் இருபத்திரண்டு வயதில் ஒரே நாளில் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். அந்தச் சிநேகத்தில்தான் கல்யாணமே நடந்தது. முப்பத்தேழு வருஷத்தில் ஏழு குழு பார்த்தாயிற்று. குழு உடையும், பெயர் மாறும், சட்டை கலர் மாறும். இவர்கள் இரண்டு பேரும் மட்டும் மேடையின் அதே மூலையில் அசையாமல் இருப்பார்கள். கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, துணிக்கடை திறப்பு என்று ஊர் இவர்களிடமிருந்து தப்பித்ததே இல்லை.

இத்தனை வருஷத்தில் கீபோர்டுக்காரருக்கு வாய்க்காதது தனி வாசிப்பு ஒன்றுதான். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாலு விநாடி கிடைக்கும். அதற்குள் மச்சான் கிட்டாரோடு புகுந்துவிடுவார். அதை நினைத்து நினைத்து எத்தனையோ நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறார் மனுஷர்.

இப்போது லீடரே கூப்பிட்டுச் சொல்கிறார். அடுத்த மாதம் நகர மன்றத்தில் குழுவின் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சி. அதில் கிட்டார் கிடையாது, அதற்கப்புறமும் கிடையாது. அந்த இடத்தில் கீபோர்டுக்கு முழுசாக இரண்டு நிமிடம் தனி வாசிப்பு. சேதியை மச்சான் காதில் போடுகிற வேலை மட்டும் இவருடையது.

"இன்னொரு விஷயம்ணே, வெளிய விட்டுடாதீங்க" என்று லீடர் ஒத்திகை அறைக் கதவைச் சாத்தினார். "நாலு வருஷமா அவரு லைன் வெளிய போறதே இல்ல. சவுண்டுக்காரர்கிட்ட சொல்லி நான்தான் மூட வச்சிருக்கேன். காலடியில இருக்கற பெட்டியில மட்டும் வரும். அவருக்குக் கேக்கும், ஜனங்களுக்குக் கேக்காது."

மேடையில் ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி காலடியில் உண்டு. ஒவ்வொருவரும் அதில் தன் சத்தத்தை மட்டும் வானம் வரைக்கும் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவன் வாசிக்கிறானா, தூங்குகிறானா என்றுகூடத் தெரியாமல் காலம் தள்ளிவிடலாம்.

கீபோர்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு வருஷம் இந்த ஆள் ஊமைக் கிட்டாரைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறார். கைதட்டல் விழும்போதெல்லாம் எழுந்து வணக்கம் வேறு. தட்டியதெல்லாம் யாருக்கு என்று இப்போதுதானே தெரிகிறது.

வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. அண்ணனைக் கழற்றிவிடுகிறார்கள் என்று தெரிந்தால் மனைவி முதலில் கீபோர்டைத்தான் வாசலில் தூக்கி வைப்பாள். மத்தியானமே பஸ் பிடித்துக் கிளம்பினார். வழி முழுக்க மடியிலிருந்த பையில் விரல்களை ஓட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒத்திகை பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டாள்.

மச்சான் அன்றைக்கு வழக்கம் போல இல்லை. ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டார், முதுகுக்குத் தலையணை கொடுத்தார், தானே போய் டீ போட்டு வந்தார். முப்பத்தேழு வருஷமாக இவர் வாசிப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத வாய், அன்று ஓயவே இல்லை. "உன் விரல் யாருக்கு வரும் மாப்பிள்ளை? உனக்குத்தான் நேரம் சரியில்ல. கடையில உக்காந்திருந்தா இந்நேரம் நாலு கிளை திறந்திருப்ப. இனிமேலாவது உடம்பைப் பாத்துக்கோ."

சேதி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான், காக்கா பிடிக்கிறான் என்று கீபோர்டுக்காரர் முடிவு கட்டினார். ஒரு நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. தங்கையைக் கட்டிக் கொடுத்தவன். ஆனால் நகர மன்ற மேடை கண் முன்னால் வந்து நின்றது.

முதலில் வயசைப் பற்றி ஆரம்பித்தார். மேடைப் படிகள், கிட்டாரின் கனம், மூட்டு வலி என்று ஊரெல்லாம் சுற்றினார். புதுப் பையன்கள் லேப்டாப்பிலேயே எல்லாம் செய்துவிடுவதாகவும் சொன்னார். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சில இடங்களில் இவரைவிட வேகமாகவே ஆட்டினார். அது கீபோர்டுக்காரருக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டது. பக்குவமாவது, மண்ணாவது.

"மச்சான், உன்னைக் குழுவிலேருந்து எடுத்தாச்சு. நீ வாசிக்கறது ரொம்ப நாளாவே வெளிய கேக்கல. லீடர் உன் லைனை மூடி வச்சிருக்கான்."

மச்சான் டீ தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அழவும் இல்லை. இவரையே உற்றுப் பார்த்தார்.

"எத்தனை வருஷமான்னு சொன்னான்?"

"நாலு."

"உன் லைனை மூடி ஆறு வருஷம் ஆச்சுன்னான், மாப்பிள்ளை" என்றார் மச்சான். "காலையில கூப்பிட்டு, உன்கிட்ட பக்குவமா சொல்லச் சொல்லி, எனக்கு ரெண்டு நிமிஷம் தனி வாசிப்புன்னான்."